இரண்டு ரிஜெக்ட்டில் ஒரு ஓகே

கார் கதவுக்கு வெளியே காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே கண்ணாடி, அதைச் செய்கிற கம்பெனி ஒன்று ஒரகடத்தில் இருந்தது. நான் அங்கே குவாலிட்டி. என் வீட்டுக்காரன் புரொடக்‌ஷன். இந்த இரண்டு வார்த்தைகளையும் அடுத்தடுத்துச் சொன்னாலே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் சிரித்துவிடுவார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லைன் நிற்காமல் ஓட வேண்டும் என்பது அவன் வேலை. சரியில்லாத பீஸை நிறுத்த வேண்டும் என்பது என் வேலை. அவன் ஓட்டுவான், நான் சிவப்பு டேக்கைக் கட்டி, நான் விடுகிற வரை நகரக் கூடாது என்று ஹோல்ட் போடுவேன், அவன் கத்துவான், நான் திரும்பக் கத்துவேன். இதற்குத்தான் இரண்டு பேருக்கும் சம்பளம்.

இதில் எங்கிருந்து கல்யாணம் வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. என்னத்தைச் சொல்ல? சண்டை போடுவதற்காகவாவது தினமும் பேசிக்கொண்டோம், அதில்தான் வந்து தொலைத்தது. அவன் சங்கரன்கோவில் பக்கம், நான் இந்தப் பக்கமே, மண்ணூர். இரண்டு வீட்டிலும் கொஞ்ச காலம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டார்கள். சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்கு எடுத்தோம். கம்பெனியில் அவன் என்னை “மேடம்” என்பான், நான் அவனை “சார்” என்பேன். அவன் சொல்கிற அந்த “மேடம்” இருக்கிறதே, கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் மரியாதை ஒரு துளி இருக்காது, நக்கல் ஒரு குடம் இருக்கும். வீட்டுக்கு வந்தால் “ஏட்டி”. அது எவ்வளவோ தேவலை.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் கண்ணாடி ஒரே பொருள். எங்களுக்கு அப்படி இல்லை. உள்ளே இருந்து கண்ணாடியைத் திருப்புகிற மோட்டார் தனி, மேலே இருக்கிற மூடி தனி. ஒன்றில் மோட்டார் அருமையாகச் சுற்றும், மூடியில் பெயிண்ட் கீறியிருக்கும். அது ரிஜெக்ட். இன்னொன்றில் மூடி பளபளவென்று இருக்கும், மோட்டார் முனகும். அதுவும் ரிஜெக்ட். சாயந்திரம் ரீவொர்க் டேபிளில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றி, அதன் மோட்டாரை இதன் மூடிக்குள் மாட்டினால் நல்ல பீஸ் ஒன்று கிடைத்துவிடும். “ரெண்டு ரிஜெக்ட்ல ஒரு ஓகே” என்று லைனில் சொல்வார்கள். என் வீட்டுக்காரன் அதில் கில்லாடி. ரிஜெக்ட்டைப் போட்டு வைக்கிற சிவப்புத் தொட்டியை ஒரு பார்வை பார்த்தே எதை எதோடு சேர்க்கலாம் என்று சொல்லிவிடுவான். நானும் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். ஆனால் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மூளையும் அப்படியே பழகிவிடுகிறது. உலகத்தில் எதையும் கழற்றி மாட்டலாம் என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறோம்.

எனக்கு அந்தக் கம்பெனியை விட்டுப் போயே ஆக வேண்டியிருந்தது. அங்கே பெண்களை நைட் ஷிஃப்டில் போடமாட்டார்கள். முதலில் நல்லதுதானே என்று நினைத்தேன். பிறகுதான் அதன் சூது புரிந்தது. நைட் பார்க்காதவர்களுக்கு ஷிஃப்ட் பொறுப்பு கிடையாது. ஷிஃப்ட் பொறுப்பு பார்க்காதவர்களுக்கு அதற்கு மேலே ஒன்றுமே கிடையாது. நான் வேலை சொல்லிக்கொடுத்தவன் எனக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்து, காலை மீட்டிங்கில் என்னிடம் “ரிப்போர்ட் ரெடியா?” என்று கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேனேஜரிடம் போய்க் கேட்டேன். “உனக்கு என்னம்மா கவலை, வீட்டுக்காரர்தான் சம்பாதிக்கிறாரே” என்றார். அந்த ஆளின் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் தலையில் கவிழ்க்காமல் வெளியே வந்ததை என் வாழ்க்கையின் பெரிய சாதனை என்றே சொல்வேன்.

அன்றுதான் முடிவு செய்தேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பது. தேடித் தேடி ஒரு பல்கலைக்கழகத்தைக் கண்டுபிடித்தேன். நான் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் அங்கே ஒரு துறையாகவே வைத்திருந்தார்கள். மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. அது இல்லாமல் நான் போக முடியாது. அங்கே இடம் கிடைத்தால் போவேன், கிடைக்காவிட்டால் இந்தச் சிவப்பு டேக்கோடு இங்கேயே கிழவியாவேன். என் மனசில் வேறு கணக்கே இல்லை.

நான் முன்னால் போவது, அவன் பின்னால் வருவது என்று பேச்சு. பேச்சுதான். “போ, போ, நல்லாப் படி” என்பான், அனுப்ப மனசில்லாத விருந்தாளியைப் பஸ் ஏற்றிவிடுகிற முகத்தோடு. எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

அங்கே விண்ணப்பிக்க ஜி.ஆர்.இ. என்ற பரீட்சை எழுத வேண்டும். எழுதித் தருகிற கட்டுரை தனி. முக்கியமானவை கணக்கும் ஆங்கிலமும். ஒவ்வொன்றிலும் 170 வரை வாங்கலாம். சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதினேன். கணக்கில் 165 வந்தது. ஆங்கிலத்தில் 142. கணக்கைப் பார்த்துச் சிரித்த வாய் ஆங்கிலத்தைப் பார்த்ததும் கோணிக்கொண்டது. வேறு எப்படி வரும்? எங்கள் கம்பெனியில் நாள் முழுக்க இங்கிலீஷ்தான், ஆனால் ஷிஃப்ட், ஓ.டி., லைன், ரிஜெக்ட் என்பதைத் தாண்டி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டிருந்தேன். அவன் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

“ஏட்டி, இதுக்கா அழுத? கணக்குதான் ஓகேயாக் கெடக்குல்லா. இனி இங்கிலீஷ மட்டும் பாரு. அடுத்த தடவ எழுதி, அந்த இங்கிலீஷையும் இந்தக் கணக்கையும் சேத்து அனுப்பிரலாம்.”

“அப்டி அனுப்பலாமா இன்னா?”

“ஏன் அனுப்பக் கூடாது? ரெண்டு ரிஜெக்ட்ல ஒரு ஓகே. என் காலேஜ் சேக்காளி ஒருத்தன் அங்கதான இருக்கான். அப்படித்தான் அனுப்பினானாம். கணக்கத் திரும்பப் படிச்சு நேரத்த வீணாக்காத.”

“அவன் நம்பர குடு, நானே கேட்டுக்கறேன்.”

“அவன் நம்பர மாத்திட்டான். நா சொல்லுதேம்லா, நம்ப மாட்டியோ?”

நம்பினேன். அந்தப் பரீட்சை நடத்துகிறவர்களின் விதிகளை நானே தேடிப் படித்திருக்கலாம்தான். ஆனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெளியே ஒரு ஆசிரியரோ பாங்க் ஊழியரோ இதைக் கேள்விப்பட்டிருந்தால், அது எப்படி இரண்டு பரீட்சையை வெட்டி ஒட்டுவார்கள் என்று உடனே கேட்டிருப்பார்கள். நாங்கள் இருந்த இடத்தில் வெட்டி ஒட்டுவதுதான் தினசரி. மோட்டார் அதில் நன்றாக இருக்கிறது, மூடி இதில் நன்றாக இருக்கிறது, அப்புறம் என்ன என்றுதான் தோன்றியது.

அடுத்த பரீட்சைக்கு ஆங்கிலம், ஆங்கிலம், ஆங்கிலம்தான். கம்பெனி பஸ்ஸில் படித்தேன், கேன்டீன் வரிசையில் படித்தேன். யாருக்கும் தேவைப்படாத வார்த்தைகளையெல்லாம் மனப்பாடம் செய்து, அவற்றாலேயே அவனை வீட்டில் திட்டிப் பார்த்தேன். சில சமயம் மனசு கேட்காமல் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவேன். அதைப் பார்த்துவிட்டால் போதும், பிடுங்கிக்கொண்டு போய்ப் பரண்மேல் போட்டுவிடுவான். “ஓகே பீஸ எதுக்கு நோண்டுத?” என்பான். என்ன அக்கறை என்று அப்போது நினைத்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

இரண்டாம் பரீட்சை முடிந்ததும் திரையில் மதிப்பெண் வந்தது. ஆங்கிலம் 153. எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. கணக்கு 156. துரு ஏறிப்போயிருந்தது. போனால் போகிறது, நல்ல கணக்குதான் முதல் பரீட்சையில் பத்திரமாக இருக்கிறதே என்று அடுத்த திரைக்குப் போனேன். எந்த மதிப்பெண்ணைக் கல்லூரிகளுக்கு அனுப்பட்டும் என்று அதில் கேட்டிருந்தது. இரண்டே வழிகள். இன்று எழுதியதை மட்டும் அனுப்பலாம், அல்லது இதுவரை எழுதிய எல்லாவற்றையும் அனுப்பலாம். கூடவே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. ஒரு தேதியில் எழுதிய பரீட்சை முழுசாகத்தான் போகும், அதில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து அனுப்ப முடியாது.

மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். அங்கே இருந்து கணக்கு, இங்கே இருந்து ஆங்கிலம் என்று ஒரு வழியும் இல்லை. கையைத் தூக்கினேன். அங்கே மேற்பார்வைக்கு இருந்தவர் வந்து பார்த்துவிட்டு, “ஸ்க்ரீன்ல என்ன இருக்கோ அதுதான் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அந்த “மேடம்”கூட என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. எதையும் அனுப்பாமல் எழுந்து வந்துவிட்டேன். வேண்டியதைப் பிறகு வீட்டிலிருந்தே அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்தது, அதுவரை நல்லது.

தாம்பரத்தில் பஸ் ஏறி, படப்பை தாண்டி, சேரப்பணஞ்சேரியில் இறங்குகிற வரை என் வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டே வந்தது. பக்கத்து சீட் அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். மாடி ஏறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன்.

“யோவ்! மாட்டலாம்னு சொன்னியே, எங்க மாட்றது? உன் தலையிலயா மாட்றது? முழுசாத்தான் போவுமாம்! ஒரு தேதினா ஒரு தேதிதானாம்!”

அவன் குனிந்து தரையைப் பார்த்தான். அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் ஊர், அவன் காலேஜ், பெயர் தெரியாத அந்தச் சேக்காளி, அவனைப் பெற்றவர்கள், ஒருவரையும் விடவில்லை. கடைசியில் எனக்கே தெரியாமல் அது வந்துவிட்டது.

“நீ வேணும்னுதான சொன்ன? நான் போவக் கூடாதுன்னுதான இப்டி பண்ண?”

அவன் முகம் செத்துப்போனது. பைக் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். கீழே ஹவுஸ் ஓனரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவர் மேலே பார்த்துக் கேட்டார்.

“இன்னாம்மா, ஒரே சத்தமா கீது? அந்தப் புள்ள சாப்டாமகூட போவுது.”

“ஒண்ணும் இல்லம்மா, பரீட்ச ரிசல்ட்டு.”

“ஃபெயிலா?”

“பாஸுதான்.”

“பாஸுக்கா இப்டிக் கத்திக்கினு கீற! ஃபெயிலானா ஊட்டயே இடிச்சிடுவ போலக்கீதே.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். இரண்டு மதிப்பெண்களில் எதை அனுப்புவது? முதலாவதில் கணக்கு 165, ஆங்கிலம் 142, கூட்டினால் 307. இரண்டாவதில் கணக்கு 156, ஆங்கிலம் 153, கூட்டினால் 309. கழற்றி மாட்ட முடிந்திருந்தால் 318. அந்த 318 என் கண்முன்னால் ஆடிக்கொண்டே இருந்தது.

அவன் முதலாவதை அனுப்பு என்றான். “இன்ஜினியரிங் டிபார்ட்மெண்ட்டு, கணக்கத்தான் பாப்பான். 165ங்குறது சும்மா இல்லட்டி. அத அனுப்பு.” அவன் சொன்னது நியாயமான பேச்சுதான். ஆனால் அவன் பேச்சைக் கேட்டுத்தான் நான் இந்த நிலைமைக்கு வந்திருந்தேன். அவன் கிழக்கே போ என்றால் மேற்கே போவது என்று வைத்திருந்தேன். கூட்டுத்தொகை அதிகம், இரண்டாவதைத்தான் அனுப்பப்போகிறேன் என்றேன்.

விட்டானா? உயிரை எடுத்தான். பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே “மொதல் ஸ்கோர அனுப்பு” என்பான். கேன்டீனில் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்வான். வேலை நேரத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்புவான். ஒருநாள் லைனில் எல்லார் முன்னாலும், “மேடம், அந்த மொதல் பீஸையே அனுப்பிருங்க மேடம்” என்றான். ரீவொர்க் டேபிளில் இருந்தவர்கள் ஏதோ கண்ணாடியைச் சொல்கிறான் என்று நினைத்துச் சிவப்புத் தொட்டியில் தேட ஆரம்பித்தார்கள்.

“எத அனுப்பறதுன்னு குவாலிட்டி முடிவு பண்ணிக்கும் சார். நீங்க உங்க வேலயப் பாருங்க” என்றேன்.

“அது நல்ல பீஸ் மேடம்.”

“நல்ல பீஸா கெட்ட பீஸான்னு நீங்க எனக்குச் சொல்லித்தர வேணாம் சார்.”

அவன் இவ்வளவு கெஞ்சி நான் பார்த்ததில்லை. டார்கெட் முடியாத நாட்களில்கூட என்னிடம் சண்டைதான் போடுவானே தவிர கெஞ்ச மாட்டான். இதிலும் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. முதலாவதை அனுப்பினால் நிச்சயம் இடம் கிடைக்காது என்று எங்கேயோ விசாரித்து வைத்திருக்கிறான், அதனால்தான் இப்படி அலைகிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்த பிறகு அவன் போட்ட காபியைக்கூட நான் தொடவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கியது. வேறு யாரையும் நம்புவதில்லை என்று, அந்தப் பல்கலைக்கழகத் துறைக்கே ஈமெயில் எழுதினேன். நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் என்று நேரடியாகவே கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. இரண்டு தேதிகளின் மதிப்பெண்களும் வந்தால், எங்கள் துறை ஒவ்வொரு பகுதியிலும் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும், எல்லா இடத்திலும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அதை நாலைந்து தடவை படித்தேன். 318! பரீட்சை நடத்துகிறவர்கள் கழற்ற மாட்டார்கள். முழுசு முழுசாக இரண்டையும் அனுப்பினால் அங்கே அவர்களே கழற்றி மாட்டிக்கொள்வார்கள். ரெண்டு ரிஜெக்ட்ல ஒரு ஓகே. அப்படியானால் அவன் சொன்னதுதான் நடந்திருக்கிறது. அந்தச் சேக்காளியும் பொய் இல்லை போலிருக்கிறது. நான்தான் அவனைப் பார்த்துச் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

சந்தோஷத்துக்குப் பதிலாக எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதைப் போய் அவனிடம் சொன்னால் போதும், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். இரண்டு மதிப்பெண்களையும் அனுப்பினேன். அவனிடம் மூச்சு விடவில்லை.

“எத அனுப்பின?” என்று கேட்டான்.

“அனுப்ப வேண்டியத அனுப்பிட்டேன்.”

“ரெண்டாவதையா?”

“உனக்கு இன்னா வந்தது?”

அவன் முகம் தொங்கிப்போனது. இரண்டாவதைத்தான் அனுப்பிவிட்டேன் என்று முடிவே செய்துவிட்டான். அதற்கப்புறம் அவனுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை, லைனில் என்னோடு சண்டைக்கு வரவில்லை. நான் ஹோல்ட் போட்டால் மட்டும் பழக்க தோஷத்தில் எதையாவது முனகுவான், அவ்வளவுதான். நன்றாக வேகட்டும் என்று விட்டுவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது இனித்தது.

வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. வழக்கம்போலக் கரண்ட் இல்லை. உள்ளே இருக்க முடியாமல் அவன் மாடிப்படியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். நான் போனில் அந்த ஈமெயிலைப் பார்த்தேன். இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகையோடு. போய் அவனுக்கு மேல்படியில் நின்றேன்.

“கெடச்சிடுச்சு.”

கத்தி நின்றது. “அந்த காலேஜா?”

“வேற எது?”

“எத அனுப்பின?”

“ரெண்டையும்.” இனி சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். “ரெண்டையும் அனுப்பினேன். அவங்களே அதுல கணக்கு, இதுல இங்கிலீஷுன்னு எடுத்துக்கிட்டாங்க. உன் சேக்காளி சொன்ன மாதிரியேதான் நடந்தது. போதுமா? நீ சொன்னது சரி. அன்னிக்கு வேணும்னு பண்ணேன்னு உன்னச் சொன்னேன்ல, அது தப்பு.”

என் பரம்பரையில் யாரும் யாரிடமும் இவ்வளவு இறங்கிப் பேசியது கிடையாது. அவன் எகிறிக் குதிப்பான், நான்தான் அப்பவே சொன்னேம்லா என்று தெருவுக்கே கேட்கக் கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் திரும்பவே இல்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“தப்பு இல்ல.”

“இன்னா?”

“நீ சொன்னது தப்பு இல்ல. அந்தச் சேக்காளி அப்படிச் சொல்லல. தேதிக்குத் தேதி முழுசாத்தான் போகும், அடுத்த தடவ கணக்க விட்டுறச் சொல்லாதன்னுதான் சொன்னான். நாந்தான் மாத்திச் சொன்னேன்.”

எனக்கு உடனே பரண்மேல் கிடந்த கணக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது.

“ஏன்?”

“நீ போயிருவன்னுதான்.”

கீழே தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், வெங்காயமா வேறா என்று நான் கேட்கவில்லை.

“அப்றம் எதுக்குயா மொதல் ஸ்கோர அனுப்பு, மொதல் ஸ்கோர அனுப்புன்னு என் உயிர எடுத்த?”

“அது ஒண்ணுதாம்ட்டி நான் கை வைக்காதது” என்றான்.

வேறு யாராவது எழுதினால் இந்த இடத்தில் கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுதுவார்கள். நான் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். என்னிடமிருந்து என் வாழ்க்கையைப் பிடுங்கப் பார்த்தவன். பிடுங்கிவிட்டு, பதறிப்போய் ஊரெல்லாம் பார்க்கக் கெஞ்சி அதைத் திரும்ப என் கையில் திணிக்கப் பார்த்தவன். திணித்ததையும் நான் சந்தேகப்பட்டுத் தட்டிவிட்டேன். அந்தத் துறை மட்டும் வேறு மாதிரிப் பதில் எழுதியிருந்தால், இரண்டாவதைத்தான் அனுப்பியிருப்பேன், இன்றைக்கும் அந்த லைனில் டேக் கட்டிக்கொண்டிருப்பேன். இதை நினைக்க நினைக்க ஆத்திரம் தாங்காமல் இன்னொன்று வைத்தேன். வெங்காயத் தட்டு உருண்டு படியெல்லாம் சிதறியது.

“மறுபடியும் ரிசல்ட்டாம்மா?” என்று கீழே இருந்து ஹவுஸ் ஓனரம்மாவின் குரல் வந்தது.

“ஆமாம்மா.”

“பாஸா?”

“பாஸு.”

“அது சரி” என்றார் அவர்.

நான் கிளம்புகிற வரை அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவன் பெட்டி வாங்கினான், கட்டினான், எடை பார்த்தான், மறுபடி பிரித்துக் கட்டினான். புளியும் பருப்புப்பொடியும் கசியாமல் இருக்க, லைனில் கண்ணாடி பேக் பண்ணுகிற குமிழித் தாளைக் கொண்டுவந்து சுற்றினான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் உள்ளே போகிற வாசல் வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதற்கு மேல் அவனை விட மாட்டார்கள். அவன் பின்னால் வர வேண்டுமென்றால் அங்கே இருந்து நான்தான் கூப்பிட வேண்டும், நான் கையெழுத்துப் போட்டால்தான் அவனுக்கு விசா. அது அவனுக்கும் தெரியும். வெகுநேரம் என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில் கேட்டான்.

“என்னிய எப்ப கூப்பிடுவ?”

பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கினேன். “நீங்க ஹோல்ட்ல இருக்கீங்க சார்” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். “சரி மேடம்” என்றான்.

லைனில் அத்தனை காலத்தில் நான் போட்ட ஒரு ஹோல்ட்டைக்கூட அவன் எதிர்த்துப் பேசாமல் ஏற்றுக்கொண்டதே இல்லை.